சீச்சீக்காரர் தேறவைத்த புதினா

அருவருப்புக்கென்று உலகத்தில் ஒரு பரிசு இருந்தால் வருஷா வருஷம் அவருக்குத்தான் போயிருக்கும். அதையும் கைக்குட்டையால் பிடித்துத்தான் வாங்கியிருப்பார். பேருந்தில் இடம் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார். யாரோ உட்கார்ந்து எழுந்த சூடு அதில் இருக்குமாம். கதவை முழங்கையால் தள்ளுவார். வீட்டில் அவருடைய டம்ளர் தனி ஆணியில் தொங்கும். மனைவி கழுவி வைத்ததை இன்னொரு தரம் கழுவித்தான் குடிப்பார். தட்டில் ஓர் ஈ உட்கார்ந்துவிட்டால் அந்தத் தட்டு மட்டுமல்ல, அன்றைய சாப்பாடே முடிந்தது. முடிவெட்டப் போனால் சொந்தச் சீப்பு, சொந்தத் துணி, சொந்தக் கத்திரி. "தலையை மட்டும் ஏன் சார் என்கிட்ட கொண்டு வர்றீங்க?" என்று முடிவெட்டுகிறவர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது "சீச்சீ" என்பார். அதனால் வேலைசெய்யும் இடத்தில் அவருக்குச் சீச்சீக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் சீச்சீக்காரர். அது அவர் காதிலும் விழாமல் இல்லை. ஆனால் அங்கே வாயாடுகிற பெண்களோடு வாய்கொடுப்பதும் அவருக்கு ஓர் அழுக்குதான். மனைவி மட்டும் யாருக்கும் பயப்படாமல் சொல்வாள்: "என்னைக் கட்டிக்கிட்டது என் அழகைப் பார்த்தா? நகத்தைப் பார்த்து! பத்து விரல்லயும் அழுக்கு இல்லைன்னு தெரிஞ்சதும் தலையாட்டிட்டாரு."

இப்படிப்பட்ட மனுஷனுக்கு என்ன வேலை ஒத்துவரும்? மீன் பெட்டி அடுக்கும் கிடங்கில் அரை நாள் நின்றார். ஆஸ்பத்திரியில் பணம் வாங்கும் ஜன்னலில் ஆறு நாள். நோட்டுகளில் எச்சில் வாடை வருகிறது என்று ஏழாம் நாள் போகவில்லை. கடைசியில் காட்டுப் புதினா உலர்த்தும் கூடத்தில் மூட்டைக்கு எண் எழுதும் வேலைக்குச் சேர்ந்தார். மூன்றாம் மாதம், நாலு பேர் பார்த்துச் சரியென்று அனுப்பிய ஒரு மூட்டையின் பக்கம் நடந்துபோனவர் நின்றார். "இதுக்குள்ள எலி மூத்திரம் பெஞ்சிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கொட்டிப் பார்த்தால் அடியில் இருந்தது, மூத்திரம் மட்டுமல்ல, எலியே இருந்தது, குட்டிகளோடு. அன்றைக்கே முதலாளியம்மா அவரைத் தரம் பார்க்கும் மேஜைக்கு மாற்றிவிட்டார். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் அந்த ஊர்ப் புதினாவுக்கு அவர் மூக்குதான் நீதிபதி.

கூடம் நீளமான தகரக் கொட்டகை. வெயில் நேராக விழாதபடி பக்கத்தில் பலகைகள், நடுவில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய வலைத் தட்டுகள். இலையை ஆறு நாள் நிழலில் உலர்த்தி, காம்பைக் கழித்து, மூட்டை கட்டுவார்கள். மூட்டையின் மேல் எண் மட்டும்தான் இருக்கும், கொண்டுவந்தவர் பெயர் இருக்காது. யார் இலை என்று தெரிந்தால் சொந்தபந்தம் பார்க்கத் தோன்றும் என்று அவரே கொண்டுவந்த ஏற்பாடு அது. விளைகிற இடத்துக்கும் அவர் போகமாட்டார். போனால் விளைவிக்கிறவர்கள் கூல்டிரிங்ஸ் வாங்கிக் கொடுப்பார்கள், அப்புறம் நாக்கு நன்றி சொல்லும், மூக்கு பொய் சொல்லும் என்பார். சேற்றில் கால் வைக்கப் பிடிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்திருக்கும். மூட்டையில் கைவிட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். துணியில் பரப்பி முதலில் கண்ணால் பார்ப்பார். பிறகு உள்ளங்கையில் வைத்து வாயால் ஊதி ஈரப்படுத்துவார், இரண்டு கையாலும் கசக்குவார், கண்ணை மூடி மூக்கருகே கொண்டுபோவார். மூன்று மூச்சு. "தேறிச்சு" அல்லது "சீச்சீ". அவ்வளவுதான். மேல்முறையீடு கிடையாது.

கூடத்துக்கு இரண்டு வகை இலை வந்தது. மேலே பாறைச் சரிவில் தானாக முளைத்துக் கிடப்பதை ஏறிப்போய் அறுத்துக்கொண்டு வருவது மேல் இலை. அதே காட்டுப் புதினாவின் வேர்த்தண்டைக் கொண்டுவந்து கீழே பாத்தி கட்டி வளர்ப்பது கீழ் இலை. மேல் இலையைக் கண்டாலே அவருக்கு ஆகாது. சின்ன இலை, ஓரம் கருகியிருக்கும், பூச்சி அரித்த ஓட்டை இருக்கும். சிலந்தி நூலும் புழுதியும் ஒட்டியிருக்கும். ஒரு தடவை ஆட்டுப் புழுக்கை ஒன்று வெள்ளைத் துணியில் உருண்டோடிப் பெண்கள் மத்தியில் போய் நின்றது. அன்றைக்கு அவர் மூன்று முறை கைகழுவினார், மதியச் சாப்பாட்டைத் திருப்பி அனுப்பினார்.

கீழ் இலையோ பார்த்தாலே கண்ணுக்குக் குளிர்ச்சி. விரல் நீளம், கரும்பச்சை, ஓர் ஓட்டை கிடையாது, ஒரு துளி மண் கிடையாது. கழுவி எடுத்து அனுப்பியிருப்பார்கள். வாசனையிலும் வித்தியாசம் உண்டு. மேல் இலை சுருக்கென்று மூக்கில் ஏறி உடனே போய்விடும். கீழ் இலையில் புதினாவுக்கு அடியில் இன்னொன்று இருக்கும், மெல்ல, தங்கி நிற்கிற மாதிரி. அதற்கு அவர் வைத்த பெயர் 'கனம்'. "வாசனையில ஒரு கனம் இருக்கணும்மா. வெறும் காரம் போதாது" என்று காம்பு கழிக்கும் பெண்களுக்குப் பாடம் நடத்துவார். அவர்களும் முகர்ந்துபார்த்துத் தெரிந்த மாதிரி தலையாட்டுவார்கள்.

அந்த இலைதான் பொட்டலமாகி வீடுகளுக்குப் போனது. வயிறு சரியில்லாத பிள்ளைகளுக்குக் கொதிக்கவைத்துக் கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கும் போனது. பொட்டலத்தின் மேல் 'தூய்மைக்கு உத்தரவாதம்' என்று எழுதியிருந்தது. அந்த உத்தரவாதம் அவர்தான். காலையில் வெறும் வயிற்றில், சொந்த டம்ளரில், முதல் தரக் கீழ் இலை போட்ட வெந்நீர் குடித்துவிட்டுத்தான் அவர் வாயால் பேசவே தொடங்குவார்.

அந்த வருஷம் பருவம் முடிகிற நேரத்தில் முதலாளியம்மா ஒரு காகிதத்தை அவர் மேஜையில் வைத்தார். அடுத்த பருவத்திலிருந்து மேல் இலை வாங்குவதில்லை. தரம் பார்ப்பவரின் கருத்துப்படி அது தூய்மைக் குறைவானது. கீழே அவர் கையெழுத்துக்கு இடம். "வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுக் கொடுங்க. உங்களுக்கும் தலைவலி மிச்சம்" என்றார். அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். இனி வெள்ளைத் துணியில் புழுக்கை உருளாது.

சேதி எப்படித்தான் போனதோ, அன்று சாயங்காலமே கொழுந்தியாள் வந்து நின்றாள். மனைவியின் தங்கை. பதினொரு வருஷமாகச் சரிவில் ஏறி மேல் இலை அறுப்பதுதான் அவள் பிழைப்பு. புருஷன் போன இடம் தெரியாது, இரண்டு பிள்ளைகள். கூடம் வாங்காவிட்டால் அந்த இலையை வாங்க ஊரில் வேறு ஆள் கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றினாள், விரலிடுக்கில் செம்மண். அவர் பார்வை அங்கேதான் போனது.

"மாமா, கையெழுத்துப் போட்டுடாதீங்க."

"இதுல சொந்தம் பார்க்க முடியாதும்மா. உன் இலைன்னு இல்ல, மேல் இலையே சுத்தமில்ல. ஓட்டை, புழுதி, கருமம், என்னென்னமோ வருது."

"பூச்சி கடிச்சிருக்குன்னா பூச்சி உயிரோட இருக்குன்னு அர்த்தம் மாமா. கீழ விளையுறதைப் பூச்சி ஏன் தொடமாட்டேங்குது? ஒரு நாளாவது யோசிச்சீங்களா?"

"நல்லா பராமரிக்கிறாங்க. கழுவி அனுப்புறாங்க."

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. "எதுல கழுவுறாங்கன்னு நாளைக்கு வந்து பாருங்க. பார்த்துட்டு வந்து ரெண்டு கையெழுத்தாப் போடுங்க, நான் வாயே திறக்கல."

அவர் முடியாது என்றார். விளைகிற இடத்துக்குப் போவதில்லை என்பது கொள்கை என்றார். உள்ளேயிருந்து மனைவி கரண்டியோடு வந்துவிட்டாள். "கொள்கையாம் கொள்கை! சேறு ஒட்டும்னு பயம். என் தங்கச்சி வயித்துல அடிக்கிற காகிதம், நீங்க பார்க்காமயே போடுவீங்களா? போயிட்டு வாங்க. வந்ததும் காலை நானே தேய்ச்சு விடுறேன்."

மறுநாள் போனார்கள். வியாழக்கிழமை காலை, வழக்கமான புதினா வெந்நீரைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார். ஊரின் கீழ்க்கோடியில், அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால், கொழுந்தியாள் முன்னே நடக்க அவர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு கொக்கு மாதிரி கால் எடுத்து வைத்தார். மதில் முடிகிற இடத்தில் திரும்பியதும் பாத்திகள் தெரிந்தன. அடேயப்பா, என்ன பச்சை! இடுப்பளவு புதினா, காற்றில் அசைந்துகொண்டிருந்தது. ஒரு விநாடி அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகுதான் கால்வாயைப் பார்த்தார். அதைத் தண்ணீர் என்று சொன்னால் தண்ணீர் கோபித்துக்கொள்ளும். அடுக்குமாடிக் கக்கூஸ் குழாய்கள் ஒரு பக்கத்திலிருந்து அதில் திறந்துகொண்டன. மறு பக்கத்தில் இறைச்சிக்கூடத்துக் குழாய், ரத்தம் கலந்த பழுப்பு நுரையைத் துப்பிக்கொண்டிருந்தது. கறுப்பாக, கொழகொழவென்று, அவசரமே இல்லாமல் அது நகர்ந்தது. மேலே இறகும் மயிரும் திரண்டு ஆடை கட்டியிருந்தன. ஒரு குடல் துண்டு கரையில் சிக்கி ஊதியிருந்தது, அதன்மேல் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. நடுவே குமிழி எழும்பி உடையும்போதெல்லாம் ஒரு நாற்றம் வந்து முகத்தில் அறைந்தது. பாத்திக்காரர் ஒருவர், நல்ல மனுஷர், வணக்கம் வைத்துவிட்டு அதிலிருந்து வாளி வாளியாக மொண்டு செடிகளின் வேரில் ஊற்றினார். பிறகு அறுத்த புதினாக் கட்டுகளை இரண்டு கையாலும் அதே கால்வாயில் முக்கி, ஆட்டி, அலசி, உதறி, சாக்கின்மேல் அடுக்கினார். மண் போய்விட்டது. இலைகள் பளபளவென்று மின்னின.

"கழுவாம அனுப்பினா சீச்சீன்னு திருப்பி அனுப்பிடுவாரு அங்க ஒருத்தர்" என்றார் பாத்திக்காரர் சிரித்துக்கொண்டே. நிற்பது யார் என்று அவருக்குத் தெரியாது. "முன்னாடி நானும் மேலதான் அறுத்தேன். மூணு மூட்டை திருப்பிட்டாரு. ஓட்டை இருக்காம். அப்புறம் இங்க வந்தோம். இந்தத் தண்ணிக்குப் பூச்சியே அண்டாது. இப்ப ஒரு மூட்டை திரும்புறதில்ல!"

சீச்சீக்காரர் வாயிலிருந்து அன்றைக்கு 'சீச்சீ' வரவில்லை. கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு நின்றவருக்கு அதையும் தாண்டி ஒன்று ஏறியது. குடல் அழுகும் வாடை இல்லை அது, மலவாடையும் இல்லை. எல்லாம் கலந்து ஊறி, புதினாவோடு சேர்ந்து, மெல்ல வந்து தங்கி நிற்கிற ஒன்று. அவருக்கு அது நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருஷமாகக் கண்ணை மூடி அவர் தேடிய கனம். காலையில் குடித்த வெந்நீர் இன்னும் வயிற்றில் இருந்தது.

அவர் பாத்தியோரம் உட்கார்ந்துவிட்டார். பேன்ட் சேற்றில் புதைந்தது. ஓங்கரித்து ஓங்கரித்துக் குடித்ததெல்லாம் வந்தது, அதற்குப்பின் மஞ்சளாகப் பித்தம் வந்தது, பிறகு வெறும் சத்தம் மட்டும் வந்தது. பாத்திக்காரர் பதறிப்போய் முகம் கழுவத் தண்ணீர் கொண்டுவர வாளியை எடுத்தார். கொழுந்தியாள் அந்தக் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சோப்பைக் கடித்து வாய் கழுவினார். டம்ளரைக் குப்பையில் போட்டார். வீட்டிலிருந்த பொட்டலங்களையும் போட்டார். அன்றைக்கு ஒன்றும் இறங்கவில்லை. தன்மேலேயே அவருக்கு அப்படி ஓர் அருவருப்பு வந்திருந்தது. தோலைக் கழற்றிக் கொதிநீரில் போட முடிந்தால் போட்டிருப்பார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிய மடையன், அதை ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்திருக்கிறேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். "கையெழுத்து போடமாட்டேன். நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன்" என்றார் மனைவியிடம். "உன் தங்கச்சியைக் காஞ்ச இலை ஒரு மூட்டையோட வரச் சொல்லு."

வெள்ளிக்கிழமை கூடத்தில் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, குழாய், குடல், புழு, வாளி, தான் முகர்ந்து சொன்ன கனம் என்று அத்தனையும் சொன்னார். காம்பு கழிக்கும் பெண்கள் கையிலிருந்த இலையைக் கீழே போட்டார்கள். ஒருத்தி தூவென்று துப்பினாள். "எம் பேரனுக்குத் தினமும் குடுக்கிறேனே!" என்று இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலாளியம்மா அசரவில்லை. முதலாளிகள் அசந்தால் கூடம் நடக்குமா? முழுக்கக் கேட்டுவிட்டு, "எருவுன்னா எல்லாம் எருதான் சார். காயவெச்சு, கொதிக்கவெச்சுத்தானே குடிக்கிறாங்க" என்றார். பெண்கள் முணுமுணுப்பதைப் பார்த்துக் குரலை மாற்றினார். "சரி. உங்க வார்த்தையை நான் என்னைக்குத் தட்டினேன்? கீழ் இலை வேண்டாம்னா மேல் இலைதான் வாங்கணும். அதோ உங்க கொழுந்தியா மூட்டையோட நிக்கிறாங்க. எல்லார் முன்னாடியும் முகர்ந்து பாருங்க. தேறிச்சுன்னு சொல்லிட்டீங்கன்னா இந்தக் காகிதத்தை இப்பவே கிழிச்சுடறேன். மேல் இலை மட்டும்தான் இனிமே."

இதைவிட நியாயமான பேச்சு உண்டா? கொழுந்தியாளின் முகம் மலர்ந்துவிட்டது. அவளே மூட்டையைப் பிரித்து, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து வெள்ளைத் துணியில் பரப்பினாள். சின்ன இலைகள், ஓட்டையோடு, ஒரு சிலந்தி நூலோடு. பாறையும் வெயிலும் தவிர வேறு எதையும் பார்க்காத இலை. அவர் அந்த ஓட்டைகளை முதல் முறையாக மரியாதையோடு பார்த்தார். உள்ளங்கையில் எடுத்தார், வாயால் ஊதினார், கசக்கினார். பெண்கள் மேஜைக்குக் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

மூக்கருகே கொண்டுபோனார். புதினா, சுத்தமான, சுருக்கென்ற புதினா. அவருக்கு அது தெரிந்தது, வயிற்றுக்குத் தெரியவில்லை. வயிற்றுக்குப் புதினா என்றால் இனி ஒன்றுதான். கறுப்பாக, கொழகொழவென்று அது தொண்டைவரை எழும்பியது. பல்லைக் கடித்தார். கண்ணில் நீர் முட்டியது. "தே..." என்று தொடங்கினார். அந்த வார்த்தைக்குப் பின்னால் வயிறு முழுசும் வந்து, வெள்ளைத் துணியிலும் அவள் இலையிலும் கொட்டியது.

தகரக் கூரையில் ஏதோ காக்கை நடக்கிற சத்தம் கேட்டது. "நல்ல இலை" என்றார், வாயில் எச்சில் ஒழுக. "நல்ல இலைதான்! இது இலையால இல்ல... என் வயிறு..." மறுபடி ஓங்கரிப்பு வந்தது. பெண்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். இதுவரை கால்வாயை நினைத்துச் சுளித்த முகங்கள் இப்போது அந்த மூட்டையைப் பார்த்துச் சுளித்தன.

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார் முதலாளியம்மா. "பத்தொன்பது வருஷத்துல கீழ் இலையை முகர்ந்து இவர் ஒரு நாள் வாந்தி எடுத்ததில்ல." காகிதத்தை எடுத்து, தெறித்ததை ஓரமாகத் துடைத்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "கையெழுத்து வேண்டாம் சார். எல்லாரும் பார்த்தாச்சு. போய் முகம் கழுவுங்க."

கூடத்துக்கு வெளியே குழாயடியில் அவர் குந்தியிருந்தார். கொழுந்தியாள் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கிவைத்துவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள். அவர் தாடையிலும் சட்டையிலும் ஒட்டியிருந்ததை வெறும் கையாலேயே வழித்து எறிந்தாள். தண்ணீர் விட்டுக் கழுவினாள். அவள் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. அது அவருக்கு வாந்தியைவிடக் கஷ்டமாக இருந்தது.

"மன்னிச்சுடும்மா" என்றார். "நாளைக்கு இன்னொரு தரம் முகர்ந்து பார்க்கிறேன். வெறும் வயித்தோட வர்றேன். சொல்லிடுவேன்."

"வேண்டாம் மாமா. இனி யாரு கேக்கப்போறாங்க?" அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "பாத்திக்காரர் கால்வாய் ஓரமா ரெண்டு பாத்தி எனக்கும் தர்றேன்னிருக்காரு. திங்கக்கிழமை வேர் நடப்போறேன்."

"அய்யய்யோ, அந்தத் தண்ணியிலயா? நீயுமா?"

"பிள்ளைங்க சாப்பிடணுமே" என்றாள். மூட்டையைத் தூக்கி, பிரித்து, பதினொரு வருஷ மலையைக் குழாயடிக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள். காலிச் சாக்கை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "கவலைப்படாதீங்க. ஒரு ஓட்டை இல்லாம, நல்லா கழுவி, உங்களுக்குப் பிடிச்ச மாதிரியே அனுப்புறேன்."